முதல் இரும்பு வேலையின் மேற்பரப்புக் குறைகள்: எதை அடித்துத் திருத்துவது, எதை அராவி எடுப்பது

உலையில் காய்ச்சி அடித்த முதல் பொருளைக் குளிரவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் மேல் சிவந்து கிடந்தவரை கண்ணில் படாத குறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். சுத்தியின் விளிம்பு பதிந்த பிறை வடிவத் தழும்புகள், அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள், ஓரத்தில் மயிரிழை போல ஓடும் ஒரு கோடு, ஆங்காங்கே உரிந்தும் உரியாமலும் நிற்கும் கறுப்புச் செதில் என்று அவை பலவகைப்படும். அவற்றைக் கண்டதும் கிரைண்டரை எடுத்து, பளபளப்பு வரும்வரை தேய்த்துவிடலாம் என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தக் குறைகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், அவை உண்டாகும் காரணமும் உள்ளே இறங்கும் ஆழமும் வேறு வேறு. ஆகவே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இந்தக் குறை இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இரும்பில் பதிந்திருக்கிறதா, அல்லது இரும்புக்குள்ளேயே இறங்கிவிட்டதா?

நான் முதலில் செய்தது ஒரு தோசைத்திருப்பி. 40 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பட்டை இரும்பின் ஒரு முனையைக் காய்ச்சி, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு விரித்து, மறுபகுதியைக் கைப்பிடியாக ஒடுக்கினேன். மேற்பரப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சிப் பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கொக்கியிலோ ஆணியிலோ வளைவும் முறுக்கும் குறைகளை மறைத்துவிடும். அகன்று தட்டையான தோசைத்திருப்பியின் முகத்தில் எந்தக் குறையும் மறையாது. அதோடு அது உணவைத் தொடுகின்ற பொருள். அதில் தளர்ந்து நிற்கும் ஒரு செதில் துணுக்கு நாளை தோசையோடு தட்டுக்கு வந்துவிடும் என்பதால், இங்கே மேற்பரப்பு என்பது அழகை மட்டும் பற்றிய செய்தி அன்று.

இந்த வேலையின் அடிப்படைக் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் பள்ளம் இருந்தால் வண்ணம் பூசுபவர் பட்டி வைத்து நிரப்பிச் சமன் செய்துவிடுவார். இரும்புக்கு அப்படிப் பூசி நிரப்பும் பட்டி எதுவும் இல்லை. ஒரு குழியை இல்லாமல் செய்ய வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள மேட்டை எல்லாம் அந்தக் குழியின் அடிமட்டம்வரை இறக்கியாக வேண்டும். அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரே ஒரு குழிக்காக அந்த முகம் முழுவதிலும் அரை மில்லிமீட்டர் இரும்பை இழக்க நேரிடுகிறது. இரண்டு முகங்களிலும் அவ்வாறு இருந்தால் 3 மில்லிமீட்டர் தகடு 2 மில்லிமீட்டராகிவிடும்; பிறகு அது தோசையை எடுக்கும்போது வளைந்து கொடுக்கும். வெல்டிங் வைத்து நிரப்பலாமே என்று கேட்கலாம். கதவுக் கொக்கி போன்ற சாதாரண மைல்டு ஸ்டீல் பொருள்களில் அது இயலும். ஆனால் நிரப்பிய இடம் பிறகு வேறு நிறத்தில் தெரியும். கார்பன் மிகுந்த எஃகிலோ வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டியே விரிசல் விடுவதும் உண்டு.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இறுதியில் எந்தத் தடிமன் வேண்டுமோ அதைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வைத்தே உலை வேலையை முடிக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் பின்னால் அராவுவதற்கான முதலீடு. இரண்டாவது, சூடாக இருக்கும் இரும்பு நகரும், குளிர்ந்த இரும்பைத் தேய்த்து எடுக்கத்தான் முடியும் என்பதால், சூட்டிலேயே திருத்தக்கூடிய குறையைக் குளிர்ந்த பிறகு திருத்துவது வீண் செலவு. பட்டறை வைத்திருந்த முதிய கொல்லர் ஒருவர் என் தோசைத்திருப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கிரைண்டரை எடுத்துவைக்கச் சொல்லி, மறுபடியும் உலையில் வைக்கச் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பொருளை அவர் இன்னும் பாதி வழியில் இருப்பதாகப் பார்த்தார்.

இனி செதிலைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தொடக்கநிலையினரின் குழிகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் வருகின்றன. இரும்பு சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஓர் ஆக்சைடு ஓடு உருவாகிறது; இதுவே செதில். ஏறத்தாழ 570 டிகிரி செல்சியசுக்கு மேல் இந்த ஓடு மூன்று அடுக்குகளாக வளரும்: இரும்பை ஒட்டி வூஸ்டைட், அதன்மேல் மேக்னடைட், வெளிப்புறத்தில் மெல்லிய ஹேமடைட். இவற்றில் மிகத் தடித்தது உள்ளே இருக்கும் வூஸ்டைட்தான். சூட்டில் இந்த ஆக்சைடு ஓடும் அதன் கீழுள்ள இரும்பும் ஒன்றாக விரிந்திருந்து, குளிரும்போது வேறு வேறு அளவில் சுருங்குவதால், ஓடு விரிசல் விட்டு உரிகிறது. பட்டடையைச் சுற்றித் தரையில் கிடக்கும் கருநீலத் துணுக்குகள் இவையே. கடையில் வாங்கும் புதுக் கம்பியின் மேல் உள்ள சாம்பல் கலந்த நீலப் பூச்சும் ஆலையில் சூடாக உருட்டியபோது படிந்த இதே செதில்தான்.

செதில் தானாக உரிந்து விழுந்தால் அதனால் தீங்கில்லை. உரியாமல் நிற்கும்போது அதன் மேலேயே சுத்தி விழுந்தால்தான் கேடு. அந்தச் சூட்டில் இரும்பு மெழுகுபோல் இளகியிருக்க, கடினமான செதில் துணுக்கு அதற்குள் அமிழ்ந்துவிடும். பிறகு குளிர்ந்தபின் அது உதிரும்போது, அதன் அச்சு ஒரு குழியாக நிற்கும். இதைத் தடுப்பது மிக எளிது. ஒவ்வொரு முறை உலையிலிருந்து எடுத்ததும், முதல் அடிக்கு முன், கம்பி பிரஷால் இருபுறமும் இரண்டு மூன்று முறை வேகமாகத் தேய்த்துவிட வேண்டும். இதற்கு இரண்டு விநாடி போதும். சூடு வீணாகிவிடுமோ என்ற பதற்றத்தில் இந்த இரண்டு விநாடியை மிச்சப்படுத்துபவர், பிறகு அரத்தோடு இரண்டு மணிநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொரு செய்தி, அடிப்பக்கம். நம் கண் மேல்முகத்தின் மேலேயே இருக்கிறது; ஆனால் பட்டடையின் மேல் முந்தைய சூட்டில் உதிர்ந்த செதில் துணுக்குகள் அப்படியே கிடக்கும். அவற்றின் மேல் சூடான தகட்டை வைத்து அடித்தால், ஒவ்வொரு துணுக்கும் கீழ்முகத்தில் ஒரு குழியைப் பதிக்கும். என் தோசைத்திருப்பியின் மேல்முகம் ஓரளவு சீராக இருந்தும் கீழ்முகம் கரடுமுரடாக இருந்ததற்கு இதுவே காரணம். பிரஷை இரும்பின் மேல் ஓட்டியதும் பட்டடையின் மேலும் ஒரு முறை ஓட்டிவிடுவது என்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

செதில் எவ்வளவு வளரும் என்பதை உலையும் தீர்மானிக்கிறது. இஸ்திரி வண்டிகளில் பயன்படுத்தும் அதே அடுப்புக்கரியைக் கொண்டு சிறிய உலை வைத்திருப்பவர்கள், இரும்பைக் காற்று வரும் வாய்க்கு மிக அருகில் செருகிவிடுவது வழக்கம். அங்கேதான் வெளிச்சம் மிகுதியாகத் தெரிகிறது. ஆனால் அங்கே எரிந்து தீராத ஆக்சிஜன் நேராக இரும்பின் மேல் படும். கரியைக் குன்றுபோல் உயரமாகக் குவித்து, இரும்புக்குக் கீழேயும் மேலேயும் கனன்ற கரி இருக்கும்படி நடுவில் வைத்தால், காற்று கரியைக் கடந்து வருவதற்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் செலவாகிவிடும். எரிவாயு உலையிலும் காற்றின் அளவை மிகுதியாக்கினால் இதே விளைவுதான். எந்த உலையாக இருந்தாலும், அடிப்பதற்கு ஆயத்தமாகாமல் இரும்பை நெருப்பிலேயே போட்டுவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது செதிலை வளர்ப்பதுதான்.

ஏற்கெனவே அழுந்திவிட்ட செதிலை என்ன செய்வது? சூட்டில் இருக்கும்போதே கண்டுவிட்டால், மறுபடி நல்ல ஆரஞ்சு நிறத்துக்குக் காய்ச்சி, பிரஷின் ஓரத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். பட்டடையின் மேல் சில துளி நீரைத் தெளித்து, சுத்தியையும் நனைத்து அடிக்கும் முறையும் உண்டு. இரும்புக்கும் பட்டடைக்கும் இடையே அகப்பட்ட நீர் வெடிப்போடு ஆவியாகிச் செதிலைப் பெயர்த்துவிடும். சாதாரண இரும்பில் இது நன்றாகப் பலன் தரும். ஆனால் சத்தம் பட்டாசுபோல் இருக்கும். சுடுநீரும் செதிலும் தெறிக்கும். ஆகவே கண்ணாடியும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் மூடிய காலணியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும் தன்மையது. கத்திக்கான மெல்லிய எஃகில் இந்த முறையைத் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது.

குளிர்ந்த பிறகு கண்ட செதிலுக்கு அரத்தை எடுக்கக் கூடாது. மேக்னடைட்டும் ஹேமடைட்டும் சாதாரண இரும்பைவிட மிகக் கடினமானவை. அவற்றின் மேல் ஓட்டினால் புதிய அரத்தின் பற்கள் ஒரே நாளில் மழுங்கிவிடும். முதலில் அமிலத்தில் ஊறவைத்துச் செதிலைக் கழற்ற வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் 4 அல்லது 5 சதவீத வினிகரே போதுமானது. பொருள் முழுவதும் மூழ்கும்படி ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி 12 முதல் 24 மணிநேரம்வரை வைத்தால், செதில் கறுத்த சேறுபோல் ஆகிவிடும். பிரஷால் தேய்த்தால் கழன்றுவரும். பாதி மட்டும் மூழ்கியிருந்தால் நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு அரிக்கப்பட்டு நிலைத்துவிடும் என்பதால், முழுதாக மூழ்குவது முக்கியம். வினிகருக்கு மாற்றாக எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் அளவில் கரைத்தும் பயன்படுத்தலாம். பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இரும்புக்கும் அதுவே போதுமா என்ற கேள்வி எழும். புளியின் டார்டாரிக் அமிலம் லேசான துருவைத் தளர்த்தும். ஆனால் உலைச் செதிலின் தடித்த ஓட்டுக்கு வினிகரைத்தான் நான் நம்புவேன். கழிவறை கழுவும் ஆசிட் விரைவாக வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனாலும் அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. அதே அறையில் உள்ள மற்றக் கருவிகளையெல்லாம் துருப்பிடிக்கவும் வைத்துவிடும்.

அடுத்து, சுத்தித் தழும்புகள். அழுந்திய செதிலின் குழி ஒழுங்கற்ற விளிம்போடும் கறுத்த அடியோடும் இருக்கும். சுத்தியின் தழும்போ வழவழப்பான அடியோடு பிறை வடிவில் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரித்து அறியலாம். சுத்தியின் முகம் முழுதாகப் படாமல் ஒரு விளிம்பு மட்டும் பட்டதன் அடையாளமே பிறை. அது எந்தப் பக்கம் பதிந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள சோதனை. பிறைகள் எல்லாம் உங்களுக்கு அப்பால் உள்ள பக்கத்திலேயே இருந்தால், பட்டடை உங்கள் உயரத்துக்குத் தாழ்வாக இருக்கிறது. கை மேலே நிற்க, சுத்தியின் மூக்கு முதலில் இறங்குகிறது. உங்கள் பக்கத்திலேயே இருந்தால் பட்டடை உயரம் மிகுதி. இருபுறமும் கலந்து இருந்தால் குறை பட்டடையில் இல்லை. கை களைத்த பிறகும் அடித்திருக்கிறீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு மடக்கினால் விரல் முட்டிகள் எந்த உயரத்தில் இருக்கின்றனவோ, ஏறத்தாழ அந்த உயரத்தில் பட்டடையின் முகம் இருப்பது பொருத்தம்.

கடையில் வாங்கிய சுத்தியை அப்படியே பயன்படுத்துவதும் ஒரு காரணம். சென்னைப் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் ஒரு கிலோ சுத்தியல் நல்ல கருவிதான். ஆனால் அதன் முகம் தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். அது ஆணி அடிக்கவும் கல் உடைக்கவும் ஏற்ற அமைப்பு. சூடான இரும்பில் அந்த விளிம்பு உளியாக மாறிவிடும். விளிம்பை நன்றாக உருட்டி, முகத்தை மிக லேசான குவிவாக்கி, உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிட்டால், அதே கையின் அதே அடி மென்மையான பள்ளத்தையே உண்டாக்கும். முகத்தில் உள்ள ஒவ்வொரு கீறலும் இரும்பில் அச்சாகப் பதியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தழும்புகளைத் திருத்துவதற்கான உரிய வேளை கடைசிச் சூடு. வடிவம் முழுவதும் அமைந்த பிறகு, பொருளை மங்கிய சிவப்புக்கு, அதாவது 600 முதல் 700 டிகிரிக்கு மட்டும் காய்ச்சி, பிரஷால் துடைத்து, லேசான அடிகளாக, ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் பாதியை மூடும்படி வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே வலிமை தேவையில்லை. சுத்தியின் எடையே போதும். இந்தச் சூட்டில் புதிய செதில் மிகக் குறைவாகவே வளரும். மேடுகள் மட்டும் அமுங்கிப் பள்ளங்களை நோக்கி நகரும். இரும்பை இழக்காமல் மேற்பரப்பைச் சமன் செய்யும் ஒரே வழி இதுதான். சென்னை வெயிலில் திறந்த மாடியில் நின்றுகொண்டு மங்கிய சிவப்பைக் கண்டறிய முயல்வது வீண். நிழலில், முடிந்தால் மாலையில்தான் நிறம் உண்மையாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிகின்ற இரும்பு இருட்டில் சிவந்திருக்கும்.

சுத்தித் தழும்பே கைவேலையின் அழகு என்று சொல்லி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வரிசையாக, ஒரே ஆழத்தில், வேண்டுமென்றே தட்டிய தடங்கள் கைப்பிடியில் பிடிமானத்தையும் அழகையும் தரும். விளிம்பு வெட்டிய பிறைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தோசைத்திருப்பியின் அகன்ற முகத்திலோ இரண்டுக்குமே இடமில்லை. மாவு அங்கே ஒட்டிக்கொள்ளும்.

மேற்பரப்பில் தெரிந்தாலும் மேற்பரப்போடு நின்றுவிடாத குறைகளுக்கு இப்போது வருவோம். இவற்றில் முதன்மையானது மடிப்பு. இரும்பை ஒடுக்கும்போது ஒரு ஓரம் நீண்டு, பக்கத்தின் மேல் கவிழ்ந்து, அடுத்த அடியில் அதோடு படிந்துவிடுகிறது. மேலே பார்த்தால் ஒரு மெல்லிய கோடு மட்டுமே தெரியும். உள்ளே இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் ஆக்சைடுத் தோலோடு, ஒட்டாமல் கிடக்கின்றன. கம்பியின் முனையை ஒடுக்கும்போது நுனி மீன்வாய்போல் பிளந்து நிற்பதும் இதே வகைதான். முனையை முதலில் சிறிய கூராக மூடிவிட்டு, பிறகு அதன் பின்புறத்தை நீட்டினால் அது தோன்றாது.

கட்டுமான இடங்களில் மிஞ்சும் முறுக்குக் கம்பியைக் கொண்டு பழகுவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். காங்கிரீட்டைப் பற்றிக்கொள்வதற்காக அதன்மேல் உள்ள வரம்புகள் ஒவ்வொன்றும் அடி விழும்போது ஒரு மடிப்பாகக் கவிழும். தட்டையாக்கி முடித்த பின்னும் ஏணிப்படிபோல் கோடுகள் தெரியும். வரம்புகளை முதலிலேயே அராவி எடுத்துவிட்டுத் தொடங்குவதே சரியான முறை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பு, ஜி.ஐ. கம்பி ஆகியவற்றை உலையில் வைக்கவே கூடாது. அந்தப் பூச்சு எரியும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் குளிரும் காய்ச்சலும் வரும்.

மடிப்பை அடித்து மூடிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அடித்தால் கோடு மறையவும் செய்யும். ஆனால் உள்ளே ஆக்சைடுத் தோல் இருக்கும்வரை இரும்பு இரும்போடு சேராது. அடுத்த வளைவிலோ அடுத்த சூட்டிலோ அதே இடத்தில் வாய் திறக்கும். வெண்காரத்தைத் தூவி, மஞ்சள் கடந்த சூட்டில் மறுபடி பற்றவைப்பது தேர்ந்த கொல்லரால் இயலும். தொடக்கநிலையில் உள்ளவர் செய்ய வேண்டியது வேறு. கோட்டைக் கண்டதும் வேலையை நிறுத்தி, இரும்பை மெல்லக் குளிரவிட்டு, அரைவட்ட அரத்தால் அந்தக் கோடு முற்றிலும் மறையும்வரை அராவ வேண்டும். அப்படி அராவும்போது குறுகிய வெட்டாக இறங்காமல், ஆழத்தைப்போல் பல மடங்கு அகலமுள்ள சாய்வான பள்ளத்தாக்காக விரிக்க வேண்டும். குறுகிய வெட்டை விட்டால், அடுத்த சூட்டில் அதுவே புதிய மடிப்பாகிவிடும். அகன்ற பள்ளத்தாக்கை மறுபடி காய்ச்சிச் சுற்றிலும் தட்டினால், பெரும்பகுதி சமனாகிவிடும். என் தோசைத்திருப்பியில் தகடும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் இப்படி ஒரு மடிப்பு இருந்தது. பட்டடையின் கூர்மையான ஓரத்தில் வைத்துத் தோளை, அதாவது தகடு கைப்பிடியாகக் குறுகும் படியை, இறக்கியதால் வந்தது அது. ஓரத்தின் ஒரு பகுதியை 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டி, அங்கே வைத்துத் தோள் இறக்கினால் இது நேராது.

விரிசல் மடிப்பைப்போலவே தோன்றும். ஆனால் மடிப்பு பெரும்பாலும் மேற்பரப்புக்குச் சாய்வாகப் படுத்திருக்க, விரிசல் நேராக உள்ளே இறங்கும். சிவப்பு மறைந்த பிறகும் விடாமல் அடிப்பது, நீல நிறம் தோன்றும் 200 முதல் 350 டிகிரிச் சூட்டில் வளைக்க முயல்வது, கார்பன் மிகுந்த எஃகைச் சிவந்த நிலையில் நீரில் முக்குவது ஆகியவை பொதுவான காரணங்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைகளை வாங்கிக் கத்தி செய்ய விரும்புவோர் உண்டு. அந்த எஃகில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருப்பதால் அது கத்திக்கு ஏற்றதுதான். ஆனால் பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்து களைத்த பட்டையில், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வாங்கும்போதே இருக்கக்கூடும். அவற்றுக்கு நம் சுத்தி காரணமன்று.

ஐயமான கோட்டைச் சோதிக்க எளிய முறை ஒன்று இருக்கிறது. ரயில்வே பணிமனைகளில் அச்சுகளையும் சக்கரங்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சோதித்தார்கள். செதில் நீக்கிய பொருளின் மேல் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் தடவிச் சில மணிநேரம் விட்டு, பிறகு மேற்பரப்பை உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லியதாகப் பூச வேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியேறித் தூளின் மேல் கறுத்த கோடாகத் தெரியும். வெறும் கீறலாக இருந்தால் ஒன்றும் தெரியாது. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, பொருளை நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பதும் ஆழமான விரிசலுக்கு உதவும். மணியோசை எழாமல் மொட்டையாக ஒலித்தால் சந்தேகப்பட வேண்டும். விரிசல் தடிமனில் கால் பங்குக்கு மேல் இறங்கியிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் சிறிய பொருளாக மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

உலையில் மறந்துவிட்டதால் மத்தாப்புபோல் பொறி பறந்த இரும்புக்கு மருந்து கிடையாது. அதன் மேற்பரப்பு கரும்பு சக்கைபோல் சிதைந்து, உள்ளே துகள்களின் இடையே ஆக்சிஜன் புகுந்திருக்கும். நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டிவிட வேண்டும்.

பழைய இரும்பைப் பயன்படுத்துவோருக்குத் துருக்குழிகளைப் பற்றி ஒரு சொல். இரும்பு துருவாகும்போது பருமன் பெருகுவதால், துரு தன் குழியைத் தானே நிரப்பி மூடிக்கொள்ளும். மேலே சமமாகத் தெரியும் இடத்தின் கீழ் ஆழமான பள்ளம் இருக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கி ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளைப் பார்ப்போருக்கு இது தெளிவாக விளங்கும்; அவற்றின் உருவத்தைத் துரு சுமந்து நிற்கிறது. நம் பழைய பட்டையிலும் துருவை முழுவதும் சுரண்டிய பிறகே மிச்சமிருக்கும் தடிமனை அளந்து, செய்யப்போகும் பொருளை முடிவு செய்ய வேண்டும்.

உலை வேலை முடிந்து, செதிலும் நீங்கி, எஞ்சியிருப்பவை சூட்டில் திருத்த முடியாத ஆழமற்ற குழிகள் மட்டுமே என்ற நிலையில்தான் அரத்துக்கு வேலை. பொருளை வைஸில் இறுக்கி, அரத்தின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, குறுக்காக வைத்துத் தன்னை நோக்கி இழுத்துத் தேய்த்தால் முகம் சமமாக இறங்கும். பற்களில் முன்பே சாக்பீஸைத் தேய்த்துவைத்தால், இரும்புத் துகள் சிக்கிப் புதிய கீறல் போடாது. ஒரு குழியை மட்டும் குறிவைத்து அங்கேயே தேய்ப்பது பெரிய பிழை. குழி மறைந்து, அதைவிட அகலமான அலை ஒன்று உருவாகும். முகம் முழுவதையும் மார்க்கர் பேனாவால் தீட்டிவிட்டு அராவினால், மை போகாமல் நிற்கும் இடமே பள்ளம் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு தட்டையான மரத்துண்டில் சுற்றிய உப்புத்தாளை 80, 120, 220 என்ற வரிசையில் மாற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்குத் திசையில் ஓட்டினால், முந்தைய கீறல்கள் முற்றிலும் போய்விட்டனவா என்று கண்ணாலேயே தெரியும். தோசைத்திருப்பிக்கு 220 போதும்.

கத்தியாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பலமுறை காய்ச்சியதில் எஃகின் வெளித்தோல் கார்பனை இழந்து மென்மையாகியிருக்கும். அந்தத் தோலை அராவி எடுக்காவிட்டால் வாய் கூர் நிற்காது. மேற்பரப்புத் திருத்தங்களைப் பதம் வைப்பதற்கு, அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவதற்கு, முன்பே பெரும்பாலும் முடித்துவிட வேண்டும். பதம் வைத்தபின் கிரைண்டரில் வைத்தால் வெப்பம் ஏறி, 220 டிகிரி அளவில் இளமஞ்சளும் 300 டிகிரியை ஒட்டி நீலமும் தோன்றும். நீலம் தோன்றிய வாய் தன் கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் இடையே நீரில் முக்கிக்கொள்வதும், வெறுங்கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறவிடாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவும் செய்து பளிச்சென்று ஆன இரும்பு, சென்னைக் காற்றில் ஒரே இரவில் பழுப்பேறிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கடந்தால் துருப்பிடிக்கும் வேகம் கூடும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான், அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. வினிகரிலிருந்து எடுத்த இரும்போ சில நிமிடங்களிலேயே செம்மை படரத் தொடங்கும். சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு முறை அலசி அமிலத்தை முறித்து, நல்ல நீரில் கழுவி, உடனே அடுப்பின் மேல் காட்டி உலர்த்திவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன். அந்த ஒரு லிட்டர் வீணன்று.

பிறகு எண்ணெய். தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்று தெரிந்த வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியான படலமாகும். நல்லெண்ணெய் ஓரளவு ஆகும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது, அது தற்காலிகக் காப்பு மட்டுமே. வண்ணக் கடைகளில் விற்கும் ஆளிவிதை எண்ணெயில் விரைவில் காய்வதற்கான உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், உணவைத் தொடும் பொருளுக்கு அது ஆகாது. உண்ணத் தகுந்த எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். இரும்பைச் சிவக்காத சூட்டில், தடவிய எண்ணெய் புகையும் ஆனால் தீப்பற்றாத அளவுக்குக் காய்ச்சி, துணியில் சிறிது தொட்டு மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஆறியதும் மறுபடியும் என்று மூன்று முறை செய்தால் கறுத்த, வழவழப்பான தோல் படிந்துவிடும். தடிப்பாகத் தடவினால் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

என் தோசைத்திருப்பியின் கழுத்தில் மடிப்பை அராவிய இடம் இப்போது ஓர் ஆழமற்ற பள்ளத்தாக்காக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் முதலில் செம்புள்ளி தோன்றுவது அங்கேதான். புள்ளி தெரிந்த அன்றே பாத்திரம் துலக்கும் ஸ்டீல் நாரால் லேசாகத் தேய்த்து, அடுப்பில் காட்டி, ஒரு துளி நல்லெண்ணெய் தடவிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, மழை தொடங்கும் முன், அந்த இடத்தில் எண்ணெயும் சாக்பீஸ் தூளும் வைத்து, கறுத்த கோடு எதுவும் எழுகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.